கப்பல் கிளம்பியது தெரியாமல் ஒரு சண்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து மதியம் ஒன்றில், தூத்துக்குடி துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு சரக்குக் கப்பலில் நடந்தது இது. கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கறி, சோப்பு வரை கொண்டுபோய்க் கொடுக்கும் கடை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். அன்றும் மூட்டைகளை ஏற்றிவிட்டு, எங்கள் ஆட்களெல்லாம் இறங்கிப் போன பிறகு, கையெழுத்து வாங்குவதற்காக நான் மட்டும் கப்பலின் சமையலறையில் நின்றேன். வேன் டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டான். அவன் என் கூட்டாளி.

கையெழுத்துப் போட வேண்டியவர் கப்பலின் சமையல்காரர். பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பது வயதிருக்கும். முட்டைக்கோஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் பேனாவை எடுத்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது என் கண் பக்கத்து அறைக்குப் போனது. அது அவர்கள் சாப்பிடும் அறை. சுவரில் பெரிய டிவி. அதில் ஒரு சண்டை பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது.

பார்த்ததுமே எந்த விளையாட்டு என்று தெரிந்துவிட்டது. இரண்டு வேறு வேறு காமிக்ஸ் கம்பெனிகளின் நாயகர்கள் அதில் மோதுவார்கள். கதைப் புத்தகத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கவே வழியில்லாதவர்கள், அந்த விளையாட்டில் மட்டும் ஒரே தெருவில் நின்று அடித்துக்கொள்வார்கள். காலேஜ் நாட்களில் அதன் பழைய பதிப்பை விளையாடித்தான் என் கட்டைவிரல்கள் தேய்ந்தன. கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை. வீட்டில் இதையெல்லாம் "பிள்ளை விளையாட்டு" என்று என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நான் பார்த்த பார்வையை அவர் பார்த்துவிட்டார். "யூ ப்ளே?" என்றார். இல்லை என்று தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் கை தானாக நீண்டுவிட்டது. ஒரே ஒரு ஆட்டம், டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் இருவரிடமும் சேர்த்து ஒரு ஆளுக்குப் போதுமான இங்கிலீஷ்தான் இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. அவர் சிறகு முளைத்த ஒரு பெண்ணை எடுத்தார், நான் பாறை மாதிரி ஒருவனை எடுத்தேன். அவருடைய ஆளுக்கு அடி விழுந்தால் "அராய்!" என்று தன் தோளைத் தேய்த்துக்கொள்வார். என் ஆள் விழுந்தால் நான் "ஐயோ" என்று வயிற்றைப் பிடிப்பேன். இடையிடையே தன் கதையையும் சொன்னார். ஊரில் காலேஜ் படிக்கும் மகன் இருக்கிறான், நெட் கிடைக்கிற துறைமுகங்களில் அவனோடு இதை விளையாடுவார், எப்போதும் தோல்விதான். மகனை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான் இந்தப் பயிற்சி. எனக்கு மனசு இளகிவிட்டது. தடுத்துக்கொண்டே பொறுமையாக நின்று, எதிரி கிட்டே வந்ததும் தூக்கி எறிகிற வித்தை ஒன்று எனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

நடுவில் நாற்காலி அதிர்ந்தது. அந்த விளையாட்டில் அடி விழும்போதெல்லாம் கையிலிருக்கும் கருவி கிர்ரென்று அதிரும். நாற்காலிக்கும் அந்த வசதி செய்திருக்கிறார்கள் போல, கப்பல்காரர்கள் கப்பல்காரர்கள்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

போன் அடித்தது. டிரைவர். துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன். பிறகு விடாமல் அடிக்கவே, ஒரு கையால் சண்டை போட்டுக்கொண்டே எடுத்தேன்.

"ஏலே, எங்கன இருக்க?"

"கப்பல்லதாம்ல. கையெழுத்து வாங்கிக்கிட்டு இருக்கேன்."

"எந்தக் கப்பல்லலே? இங்கன கப்பலையே காணோம்!"

வெளியே ஓடினேன். பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் கிரேன்கள் எல்லாம் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாகிக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில்தான் கிளம்பும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்த கப்பல், நேரம் மாற்றி அப்போதே கிளம்பிவிட்டிருக்கிறது. ஏணியடியில் நின்ற காவலாள், எங்கள் ஆட்களோடு நானும் இறங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டான். சமையல்காரரும் பின்னால் ஓடி வந்தார். நேரம் மாறியது அவருக்கே தெரியாது. அடுத்து எந்தத் துறைமுகம் என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்கா" என்றார், மெதுவாக.

எனக்குக் கண்ணைக் கட்டியது. பாஸ்போர்ட் என்று ஒன்றை நான் எடுத்ததே இல்லை. அன்று சாயங்காலம் சாயர்புரத்தில் மச்சினியின் நிச்சயதார்த்தம் வேறு. 'வந்துருவேன்' என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன்.

சமையல்காரர் என் கையைப் பிடித்து மாடி மாடியாக ஏறி, கப்பலை ஓட்டும் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். கேப்டன் நெடுநெடுவென்று உயரமான வெள்ளைக்காரர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செங்கல் நிறமானது. "யார் இவன்? எப்படி உள்ளே இருக்கிறான்?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரர் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். "என் தப்பு கேப்டன். கப்பல் நாளைக்குத்தான் போகும், இரு என்று நான்தான் உட்காரவைத்தேன்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. மறுக்கலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். என் காலை அவர் நறுக்கென்று மிதித்தார்.

கேப்டன் திட்டித் தீர்த்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. சமையல்காரரின் காது மடல் சிவந்ததிலிருந்து மீதியைப் புரிந்துகொண்டேன். நல்ல வேளையாக, கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுவிடும் பைலட் இன்னும் இறங்கவில்லை. அவர் நம் ஊர்க்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊருடே?"

"முத்தையாபுரம் சார்."

"முத்தையாபுரத்துலருந்து ஆப்பிரிக்காவுக்குச் செருப்போட கிளம்பிட்டியாக்கும்? வா, என்கூட எறங்கு."

கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணியைத் தொங்கவிட்டார்கள். கீழே பைலட்டை அழைத்துப்போக வந்த படகு, தவலையில் போட்ட கரண்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கடற்கரை ஊர்க்காரன் என்று பெயர்தான். பனங்காட்டிலிருந்து கடை வைக்க வந்த குடும்பம் எங்களுடையது, வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஏணியில் கால் வைத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். மேலே கம்பியில் சாய்ந்து சமையல்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழே பார்க்காதே, என்னைப் பார்" என்று இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கடைசிப் படியில் படகுக்காரர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். என் கை மட்டும் கயிற்றை விடவில்லை.

"அண்ணாச்சி, பிடிச்சிட்டேன், ஏணிய விடுங்க."

"மாட்டேன்."

"விடுங்க அண்ணாச்சி, அது கப்பல்காரனுக்கு வேணும்!"

எப்படி விட்டேன் என்று தெரியாது. படகில் குப்புற விழுந்து நிமிர்ந்தபோது கப்பல் தூரமாகிக்கொண்டிருந்தது. அவர் கையசைத்தார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. "தேங்க்யூ" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் பக்கத்திலிருந்த பைலட்டுக்கே அது கேட்டிருக்காது.

கரையில் காவலர்கள் விசாரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "உள்ளே என்ன செய்தாய்?" என்று ஒருவர் கேட்டார். சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று உளறி, அதை விளக்குவதற்கே பெரும்பாடு பட்டேன். கடை முதலாளி அண்ணாச்சி வந்து, "சரக்கு ஏத்தப் போன பயலயே சரக்கா ஏத்திட்டுப் போவப் பாத்தானுவளே" என்று தலையில் அடித்துக்கொண்டு கூட்டிப்போனார். நிச்சயதார்த்தத்துக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் மனைவி காபியை வைத்துவிட்டு, "அடுத்த தடவ வெளிநாடு போனா சொல்லிட்டுப் போங்க, நாலு சட்டையாவது மடிச்சுத் தாரேன்" என்றாள்.

அந்தச் சமையல்காரருக்கு என்ன தண்டனை கிடைத்தது, மகனை அவர் ஜெயித்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கடையில் ஏதாவது உடைந்தோ சிந்தியோ போய், "யாருலே செஞ்சது?" என்று முதலாளி கத்தும்போது, நடுங்கி நிற்கிற ஆளுக்கு முன்னால் நகர்ந்து "நாந்தான் அண்ணாச்சி" என்று இப்போது சில சமயம் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் என் காது மடல் சுடுகிறது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக இந்தச் சூட்டை அவர் எவ்வளவு சாதாரணமாக வாங்கிக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிகிறது.