கடைசிக் குழாயின் எண்

நகர நீரேற்று நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை சொட்டு அக்காவுக்கு. கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, அதில் மூன்று சொட்டு மருந்து விடுவார். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எண் சொல்வார், நான் பதிவேட்டில் எழுதுவேன். கைப்பையில் எப்போதும் சொட்டு மருந்து இருந்ததால் அவர் தெருவில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் 'சொட்டு அக்கா'தான்.

காலையில் குளோரின் புள்ளி ஐந்து, மாலையிலும் புள்ளி ஐந்து. இருபத்தாறு ஆண்டுகளாக நான் எழுதியதில் ஒரு பொய் எண்கூடக் கிடையாது. 'குழாயில் நீர் பிடித்துச் சோதிக்க வேண்டும்' என்றது விதி. எந்தக் குழாய் என்று அது சொல்லவில்லை. எனவே குளோரின் கலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், எங்கள் அறைக்குள்ளேயே இருந்த குழாயில் பிடித்தோம். செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியதில்லை அல்லவா!

அவர் வீடு நான்கு கிலோமீட்டர் தள்ளி, கடைசித் தெருவின் கடைசி வீடு. அந்தத் தெருவில் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அவருடைய இரண்டாவது மகளுக்கு ஆறு வயது. ஒரே ஆண்டில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். ஒருநாள் அவர் குழலை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொந்தக் குழாயில் சோதித்திருக்கிறார். நிறம் வரவில்லை. மூன்று நாள் பார்த்தும் வரவில்லை. நான்காம் நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, எங்க வீட்டுக் குழாய்ல பூஜ்யம். எழுதுங்க."

"எந்தக் கட்டத்துலம்மா எழுத? வீட்டுக் குழாய்க்குக் கட்டமே இல்லையே."

"அப்ப ஒரு கட்டம் போடுங்க."

"கட்டம் போட அனுமதி வாங்கணும்."

"வயித்துப்போக்கு மட்டும் அனுமதி வாங்கிட்டா வருது?"

எனக்குச் சுருக்கென்றது. சரியாகக் கேட்டுவிட்டாரே என்ற எரிச்சல்.

ஒரு கட்டத்துக்காக நான்கு கடிதம் எழுதினோம். முதல் கடிதத்துக்கு, 'மூன்று பிரதிகள் தேவை' என்று பதில். அனுப்பினோம். இரண்டாம் பிரதியில் தேதி தெளிவாக இல்லையாம். மறுபடி எழுதினோம். மேலிடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றார்கள். நான்காவதற்குப் பதிலே இல்லை. இதற்குள் அந்தக் குழந்தை மூன்றாம் முறையாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது.

குழந்தை வீடு திரும்பிய மறுநாள் சொட்டு அக்கா தன் வீட்டுக் கதவில் பாதிக்குக் கறுப்பு வர்ணம் அடித்தார். சாக்பீஸால் எழுதினார்: 'காலை 6.10. இந்தக் குழாயில் குளோரின் 0. இருக்க வேண்டியது 0.2. கொதிக்க வைத்துக் குடியுங்கள்.' தினமும் எழுதினார். தெரு முழுக்கக் கொதிக்க வைத்தது.

கட்டத்துக்கு ஐந்து மாதமாக வராத பதில் கதவுக்கு ஐந்தே நாளில் வந்தது. அனுமதியின்றித் தகவல் வெளியிட்டதாகக் குற்றக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் அழிக்காவிட்டால் பணிநீக்கம்.

அவருடைய கணவர் தையல்காரர், பயந்த சுபாவம். "அழிச்சுத் தொலையேன். உன் வேலை போச்சுன்னா அடுப்புல வெறும் தண்ணி மட்டுந்தான் கொதிக்கும்."

"அழிச்சா தண்ணி சுத்தமாயிடுமா, சொல்லுங்க. இப்பவே அழிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை பொறியாளர் நேரில் வந்தார். நானும் போனேன். சொட்டு அக்கா முன்தினமே கேட்டிருந்தபடி, எங்கள் அறைக் குழாயின் தண்ணீரை ஒரு பாட்டிலில் இறுக மூடி எடுத்துப் போயிருந்தேன். வாசலில் கூட்டம்.

"இந்த எண்களையெல்லாம் நம்ப முடியாதும்மா. உன் மருந்து கெட்டுப்போயிருக்கும்" என்றார் பொறியாளர்.

"கெட்டிருந்தா ரெண்டு தண்ணிக்கும் கெட்டிருக்கணும் சார். நீங்களே விடுங்க."

பொறியாளர் நிலையத்துத் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டார். பளிச்சென்று ரோஸ். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அதே மருந்தில் மூன்று சொட்டு விட்டார். ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு விட்டார். குலுக்கினார். வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"ஆட்டினா கலர் வருமா சார்? அப்படின்னா என் வெளுத்துப்போன சட்டையையும் கொஞ்சம் ஆட்டிக் குடுங்க" என்றார் எதிர்வீட்டு லாரி டிரைவர். கூட்டம் சிரித்தது. பொறியாளர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருஷத்துல இந்தப் பக்கம் ஒரு தடவைகூட எடுத்துப் பாக்கலையா?"

"இல்லீங்க சார். விதியில குழாய்னு மட்டுந்தான் இருக்கு" என்றேன். இருபத்தாறு ஆண்டு வேலைக்கு நான் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து தோண்டினார்கள். எப்போதோ சாலை போட்டவர்கள் ஒரு வால்வை முக்கால்வாசி மூடிய நிலையில் தாருக்கு அடியில் புதைத்திருந்தார்கள். தண்ணீர் நகராமல் நாள்கணக்கில் குழாயில் கிடக்க, குளோரின் செத்துப்போனது. சாக்கடைக்குப் பக்கத்தில் விரிசல் வேறு. இரண்டே நாள் வேலை! அளக்கும் மருந்து எங்களிடம் எப்போதும் இருந்தது. அளந்ததை நாலு பேர் பார்க்கும்படி எழுத விடும் மனம்தான் இல்லை.

வேலையிலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. ஆனால் குற்றக் கடிதத்தைத் திரும்பப் பெற அவர் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். "பூஜ்யத்தைப் பூஜ்யம்னு எழுதினதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். குற்றக் கடிதம் கோப்பில் அப்படியே கிடக்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். சொட்டு அக்கா குழலை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள், விளையாடிவிட்டு வந்த வியர்வையோடு, கையில் டம்ளரை வைத்துக்கொண்டு குதித்தாள்.

"அம்மா, புள்ளி ரெண்டுதான். எனக்கே தெரியுது. தாகமா இருக்கு, விடும்மா!"

"இரு, அட்டைய வச்சுப் பாத்துடறேன்."

"நேத்தும் இதத்தான் சொன்ன!"

அவர் தலையசைப்பதற்குள் அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.