தம்பியின் வெட்டுப்பட்ட சட்டைகள்

தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் தமையனாகிய நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஓராண்டில் பதினேழு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "அந்தக் காட்டுக்கை உண்மையிலை என்ன நடந்தது?" பதினெட்டாவது ஆள் நான். எனக்குக் கிடைத்த விடையை எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தம்பி சாவகச்சேரிக்கு அருகே ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். நான் மூன்றாவது. நாட்டு நிலைமையால் அவருடைய படிப்பு இடையில் நின்றது. கொழும்பு, ஜேர்மனி என்று அலைந்து கனடா வந்து, ரொறன்ரோ மல்வேர்னில் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஏழாவது ஆளாகச் சேர்ந்தார். பிறகு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். தகடு அடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று இடது காது மந்தமாகிவிட்டது. அதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு சகோதரிகளின் திருமணத்தை இங்கிருந்தே நிறைவேற்றினார். எவரைப் பற்றியும் புறம் பேசமாட்டார். எவர் மீதும் சந்தேகப்படமாட்டார். அதனால் அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

வேலைத்தலத்து நண்பர் ஒருவர் அவரை ஒரு வேட்டைக் கழகத்தில் சேர்த்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம், காடும் ஏரிகளுமான மாவட்டம். கோடையில் மண் தட்டுகளை வானில் எறிந்து சுடும் பயிற்சி, மீன்பிடி, காட்டுப் பாதை துப்புரவு. கார்த்திகையில் ஒரு கிழமை மான் வேட்டை. தம்பியோ முழுச் சைவம். கோயிலில் என் காதுபடவே ஒருவர் கேட்டார்: "மானைச் சுடுற கையாலையே இவர் சுவாமி தூக்கிறது?"

நான் தம்பியிடம் நேரே கேட்டேன். சிரித்தார்.

"நான் ஒரு துண்டு இறைச்சியாவது வீட்டை கொண்டந்தனானே அண்ணை?"

கொண்டுவந்ததில்லை என்பது உண்மை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. இறைச்சியும் கொண்டுவராமல், உண்ணாமல், ஒரு மனிதர் வேட்டைக்கு ஏன் போக வேண்டும்?

பிறகுதான் சட்டைகள். ஒருநாள் தம்பியின் மனைவி, என் மச்சாள், என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். ஐந்து சட்டைகள். ஐந்திலும் பின்பக்கத்துக் கீழ்த்துண்டு இல்லை. எல்லாம் வேட்டைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகள்.

"கேட்டால் கம்பியிலை கொழுவிக் கிழிஞ்சதாம், அத்தான்."

விரலால் தடவிப் பார்த்தேன். கம்பி இப்படி நேராகக் கிழிக்காது, கத்தரிக்கோல். உடுத்த துணியில் துண்டு எடுப்பது எதற்கென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மச்சாள் மெல்லச் சொன்னார்: "ஆரோ சூனியம் செய்யினம்."

நான் படித்தவன், சூனியத்தை நம்புவதில்லை. ஆனாலும், நம்பாத காரியத்திலும் கவனமாக இருப்பதில் நட்டமில்லை. கோயிலில் நூல் வாங்கிக் கட்டச் சொன்னேன். "இனி ஒரு சேட்டும் குடுத்துவிடாதை பிள்ளை, ரீசேட்டோடை போகட்டும்" என்றும் சொன்னேன். மச்சாள் அப்படியே அலுமாரியைப் பூட்டினார். அடுத்த வேட்டையிலிருந்து தம்பி நல்ல ரீசேட்டோடு திரும்பினார். என் உபாயம் பலித்தது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த கார்த்திகையில் தம்பி திரும்பி வரவில்லை. வேட்டையின் இரண்டாம் நாள், மானுக்குக் காவல் இருந்த மரத்தடியில் சாய்ந்தபடியே மாரடைப்பில் காலமானார். செய்தி எங்களுக்கு வந்தபோது நான்கு மணி நேரம் கடந்திருந்தது. ஏன் நான்கு? வைத்தியர் சொன்னதையும் பொலிசார் சொன்னதையும் கேட்டேன். என் மனம் ஆறவில்லை. செத்தவீட்டுக்குக் கழகத்தார் ஒன்பது பேர் வந்து பின்வரிசையில் நின்றார்கள். ஒன்பது பேரின் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சித்திரையில் தம்பியின் பொருட்களைக் கழகத்திலிருந்து எடுத்துவர அவருடைய மகள், என் பெறாமகள், புறப்பட்டபோது நானும் ஏறிக்கொண்டேன்.

"பெரியப்பா, பிளீஸ், அங்கை போய் ஒருத்தரையும் இன்வெஸ்டிகேட் பண்ணாதேங்கோ."

"நான் வாயே திறக்கேல்லை, பிள்ளை."

"அதுதான் எனக்குப் பயம்."

கழகத்து மரவீட்டில் நான்கு வெள்ளைக்காரக் கிழவர்கள் மேசையைச் சுற்றிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் "துரும்பு!" என்று கத்தினார். என் காதையே நான் நம்பவில்லை. தம்பி அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சீட்டாட்டமான முந்நூற்று நாலைப் பழக்கியிருக்கிறார்.

நான்கு மணி நேரக் கணக்கையும் அங்கேதான் கேட்டேன். கைத்தொலைபேசி எடுபடாத இடம். நான்கு பேர் தோள் மாற்றி மாற்றி, சேறும் பாறையுமான வழியில் தம்பியைத் தெருவரை சுமந்து வந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். முழுவதும் துணித் துண்டுகள், ஆணி அடித்து. கீழே பெயர்கள். கழகத் தலைவர் சொல்ல, பெறாமகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "மானுக்கு வெடி வச்சு மிஸ் பண்ணினால், அண்டிரவே எல்லாருக்கும் முன்னாலை சேட்டு வாலை வெட்டிறதாம். அது இஞ்சத்தை ரூலாம்."

தம்பியின் பெயருக்கு மேல் ஆறு துண்டுகள். வேறு எவருக்கும் இரண்டுக்கு மேல் இல்லை.

"அப்ப என்ரை தம்பிக்குச் சுடத் தெரியாதோ எண்டு கேள்."

தலைவர் சிரிக்கவில்லை. கோடையில் எறிகிற தட்டில் பத்துக்கு ஒன்பதை உடைப்பவர் தம்பிதான் என்றார். கார்த்திகையில் மான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாலும் வெடி மரத்துக்குத்தான் போகுமாம்.

"தெரிஞ்சுகொண்டும் ஏன் வெட்டினவை?"

"ரூல் ரூல்தானாம், பெரியப்பா. அப்பாவும் தானே திரும்பி நிண்டு குடுப்பாராம்." பெறாமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "வீட்டிலை ஏன் சொல்லேல்லையெண்டு இவையும் கேட்டவையாம். 'சுடுறதில்லை எண்டு சொன்னால், பிறகேன் போறாய், காட்டுக்கை என்ன செய்யிறாய் எண்டு அண்ணை இன்னும் நூறு கேள்வி கேப்பார்' எண்டு சொன்னவராம்."

காட்டுக்குள் என்ன செய்தார் என்பதற்கு யாரும் விடை சொல்லவில்லை. வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. இருபத்தாறு வருடம் தகடு அடிக்கும் சத்தத்தில் நின்றவர் அவர்.

ஆனால் கணக்கு உதைத்தது. வீட்டில் ஐந்து சட்டை; சுவரில் ஆறு துண்டு. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆறாவது, மண்ணிறத்தில் வெள்ளைக் கோடு. அது என் சட்டை! காணாமற்போன அந்தச் சட்டைக்காக வோபர்னில் உடுப்புத் தோய்க்கும் கடையைச் சந்தேகித்து, அந்தப் பக்கமே போகாமல் விட்டிருந்தேன். மச்சாளின் அலுமாரியைப் பூட்ட வைத்தது நான். தம்பி என் அலுமாரியைத் திறந்திருக்கிறார். மிச்சச் சட்டை அவருடைய தொப்பியோடு அங்கேயே கொழுவியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவர முடியாதுதானே.

தலைவர் அந்தத் துண்டைக் கழற்றித் தர வந்தார். இருக்கட்டும் என்றேன்; சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தம்பியைத் தோளில் சுமந்த அந்த நால்வருக்கும், செத்தவீட்டின் பின்வரிசையில் நின்ற ஒன்பது பேருக்கும், மச்சாளுக்குத் துணையிருந்த அயலவருக்கும், உணவு சமைத்துத் தந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினேழு பேருக்கும் விடை இதுதான்: தம்பி ஒரு மானையும் கொல்லவில்லை.

திவசத்துக்குப் பின்னான மதிய போசனத்துக்கு அந்த மண்ணிறச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். பின்பக்கம் துண்டு குறைந்திருக்கும். பார்ப்பவர்கள் தயவுசெய்து ஒன்றும் சந்தேகப்பட வேண்டாம்.