நீல நூல் கட்டிய சீவாளி

பிள்ளைகளே, என் மேசை லாச்சிக்குள் ஒரு சீவாளி கிடக்கிறது, ஓபோ என்கிற மேல்நாட்டு ஊதுகுழலின் வாயில் செருகுவது. நாணலைச் சீவி, அடியில் நீல நூல் சுற்றியது. உங்கள் மாமா செய்தது. எங்கே சீவுகிறார், எங்கே விடுகிறார் என்று பார்க்கவே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாங்கள் வேலை செய்கிற ஓபோப் பட்டறையில் ஆரம்பத்தில் நான் சிவப்பு நூல் கட்டுவேன், அவர் நீலம். வாங்க வருகிற வாத்தியக்காரர்கள் செய்தவன் யார் என்று கேட்பதில்லை. ஊதிப் பார்த்து நிறத்தைச் சொல்லுவார்கள். அவர்கள் கை நீலத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நாங்கள் கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியில் இருந்த காலம் அது. உங்கள் அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்ததும் நான்தான் அவரை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். ஓபோவை இருவருமே ஊரில் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தது நாதஸ்வரம். நாலு வீதிக்கும் கேட்டால்தான் நாதம் என்று என் காது முடிவு கட்டியிருந்தது. அதனால் நுனியை மட்டும் மெல்லிதாகச் சீவி, அதற்குக் கீழே இருக்கிற முதுகைத் தொடாமல் விடுவேன். சத்தம் பளிச்சென்று பாயும். மாமாவுக்கோ கோயில் மேளம் என்றால் தலையிடி. முதுகுவரை இறக்கிச் சீவுவார், சத்தம் அடங்கித் தடித்து வரும்.

“அத்தான், தேர்த் திருவிழாவுக்கே செய்யிறியள்? இது கச்சேரி ஹோலுக்குள்ள வாசிக்கிறதெல்லே!”

“வாயை மூடிக்கொண்டு சீவடா.”

ஒருநாள் பட்டறை முதலாளியம்மா எங்களைக் கூப்பிட்டுக் கதை சொன்னார். வெளியில் ஊதிய உரத்த குழல்களிலிருந்துதான் ஓபோ வந்ததாம். மாளிகைக் கூடங்களுக்குள் புகுந்ததும் செய்பவர்கள் அதன் சத்தத்தை அடக்கினார்கள். பிறகு குழல் கடைய மஞ்சள் மரம் போய்க் கறுப்பு மரம் வந்தது. துளைகளை மூடித் திறக்கிற உலோகச் சாவிகள் இரண்டு மூன்றே இருந்த உடம்பு முழுக்கச் சாவிகள் ஏறின. ஊருக்கு ஊர் ருசியும் மாறியது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இப்போது தேன் போலத் தடித்த, இருண்ட நாதம்தான் வேண்டும் என்றார். கடைசியில், சீவாளி மேசைக்கு ஒருவர் போதும் என்று முடித்தார். மாமா அங்கேயே இருந்தார். என்னைச் சாவி துடைக்கிற மேசைக்கு மாற்றினார்கள்.

“உங்கட மச்சான்தானே, சந்தோசப்படுங்கோவன்,” என்றார் உங்கள் அம்மா.

“ஓம், படுறன்,” என்றேன். படவில்லை.

இன்றைக்கும் நான் சாவி மேசையில்தான். போன மாதம் பட்டறைக்கு ஒரு இளம் பெண் வந்தாள். பழைய மஞ்சள் மர ஓபோவைப் போலவே புதிதாகச் செய்வித்த ஒன்றை வைத்திருந்தாள். இப்போது அப்படிப் பழைய நாதத்தைத் தேடுகிற ஒரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. அதற்கென்று மாமா சீவிக் கொடுத்ததையெல்லாம் ஊதிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். சத்தம் திறக்கவில்லையாம். மாமா உடனே கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“அத்தான், இஞ்ச வாங்கோ. இந்தப் பிள்ளை கேக்கிறது உங்கட சத்தம்.”

போய் அவர் கதிரையில் இருந்து சீவினேன். கை மறக்கவில்லை. அவள் ஊதினாள், பட்டறையே திரும்பிப் பார்த்தது. முதலில் கைதட்டியது மாமாதான்.

அன்றைக்காவது என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். மாறாக, அது இன்னும் கூடத்தான் செய்தது. தன் வேலையை ஒருத்தி வேண்டாம் என்ற அதே நிமிஷத்தில் அவரால் எழும்பி எனக்கு இடம்விட முடிந்ததே! முதுகுவரை இறக்கிச் சீவ நான் எப்படியும் பழகிவிடுவேன், பிள்ளைகளே. அப்படி எழும்பத்தான் எனக்கு வராது போலக் கிடக்கிறது.