மேட்டுத் தெரு வால்வு

பதினொரு வருஷமாக நகராட்சி வாசலில் நின்று தொண்டை வற்றக் கத்தியவர் அந்தப் பிளம்பர். "ஊருக்குத் திட்டம் போட்டா ஊரைக் கேட்டுப் போடுங்க" என்பதுதான் அவர் பல்லவி. 'கேட்டுப்போடு' என்றே அவருக்குப் பேராகிவிட்டது. பேர் வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு கூட்டத்துக்கும் வராத சோம்பேறிகள்.

ஊரோ கழுத்துவரை கடனில் கிடந்தது. வேறு வழியில்லாமல் நகராட்சி இறங்கிவந்தது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று மக்களே கூடி முடிவு செய்யட்டும் என்றார்கள். வசவு வாங்க வேறு ஆள் கிடைத்தால் எந்த அதிகாரிக்குக் கசக்கும்? பிளம்பரையே குழுத் தலைவராக்கினார்கள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மண்ணுக்கடியில் ஓடும் ஒவ்வொரு குழாயையும் வரைபடத்தில் வரைந்து, ஊருக்குக் கட்டுப்படியாகாததற்கெல்லாம் சிவப்பு மை பூசினார். அதில் ஒரு கோடுகூடப் பொய்யில்லை. மேட்டுத் தெருவுக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் குழாய்தான் இருப்பதிலேயே அதிகச் சிவப்பு. அங்கே மொத்தம் பதினாலு வீடு. முதல் வீடு அவருடைய ஒரே மகளுடையது. கைக்குழந்தைக்காரி.

கூட்டத்துக்கு முந்தின நாள் மகள் வந்தாள். "ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா கேப்பாங்க. குழாய மூடிட்டு வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணிதான்னா, பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"பாக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

பள்ளிக்கூட ஹாலில் ஓட்டெடுப்பு. குழாயை மூடலாம் என்று கைகள் மளமளவென்று உயர்ந்தன. மளிகைக்கடைக்காரர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டே தலைவர் முகத்தைப் பார்த்தார், இவன் வண்டவாளம் இப்போது தெரிந்துவிடும் என்பதுபோல. மகளுக்காக வாயைத் திறந்தால் பதினொரு வருஷத்துப் பேர் ஒரே நொடியில் போய்விடும். பிளம்பரும் கையைத் தூக்கினார். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவருக்கு இனித்தது. கையைத் தூக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"தலைவரே, வால்வையும் நீங்களே மூடிடுங்க. வெளியாளுக்கு எதுக்குக் கூலி?" என்றார் கடைக்காரர். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

திங்கட்கிழமை காலை ஸ்பேனரோடு போனார். வால்வு மகள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. வீட்டிலிருந்த பாத்திரங்கள் எல்லாம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி உட்பட, வாசலில் நிறைந்து நின்றன. கடைசி வாளி குழாயடியில் இருந்தது.

"இது மட்டும் ரொம்பட்டும்ப்பா" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தார். தீர்மானத்தில் பத்து மணி என்று இருந்தது. எழுதியவர் அவர்தான். கடைக்காரரும் இன்னும் நாலு பேரும் தெருமுனையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

குனிந்து வால்வைத் திருகினார்.

மகள் பாதி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "யாரு வந்திருக்கா?" என்று மருமகன் கேட்டது அவர் காதில் விழுந்தது.

"நகராட்சியில இருந்து ஆளு" என்றாள் மகள்.