விரியாத விரல்கள்

எண்பதுகளில் ஒரு நாள், மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பஸ் படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. வலது கை விரல்களை இடது கையால் நீவிக்கொண்டே இருந்தார். மருந்து வாங்கிக்கொண்டு வருகிறாராம்.

"இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்காம், தம்பி. இதயம் ரத்தத்த நல்லாத்தான் அழுத்தித் தள்ளுதாம். ஆனா விறைச்சுப் போயி, விரிஞ்சு ரத்தத்த வாங்கிக்க மாட்டேங்குதாம். போன வாரமே டாக்டர் சொன்னாரு."

"அப்ப லேசான வேலை கேளுங்கண்ணே."

"கேட்டேன் லா. 'அதான் நல்லா அழுத்துதுல்ல, போய்க் குலைய வெட்டு'ன்னுட்டான் வேலை வாங்குற மண்டோர்."

அவர் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்து முனையில் இறங்கி, திரும்பிக் கையைத் தூக்கினார். வருஷக்கணக்காகக் குலை வெட்டும் நீளக் கத்திக் கம்பைப் பிடித்து இறுகிப்போன விரல்கள் விரியவே இல்லை. எனக்கு விடை கொடுத்தாரா, தோட்டத்துக்கு முஷ்டியைக் காட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.