மூன்று பேருக்கு வைத்த உலை

வயிறு பெருத்தபோது நான் கவலைப்படவேயில்லை. முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்று எலும்பும் தோலுமாய் வெளியே வந்தவள் நான். உடம்பில் சதை பிடித்தால் சந்தோசம்தானே! பிள்ளைகள் இருவரும் கனடாவுக்குப் போன பின்னும் மூன்று பேருக்கே உலை வைத்தேன். மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராது. நானே தின்று முடிப்பேன்.

முல்லைத்தீவு கிளினிக்கில் இளம் பெண் டொக்டர் ஸ்கான் படத்தைப் பார்த்தார்.

"ஈரலிலயும் கொழுப்புப் படிஞ்சிருக்கு அம்மா. ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு சாப்பிடுறனீங்கள்?"

சொன்னேன்.

"வீட்டில எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்."

அவர் ஸ்கான் படத்தை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கொழுப்பு கூடாத சாமான் இல்லை அம்மா. பசி வந்தால் உதவுமெண்டு உடம்பு சேர்த்து வைக்கிறது. உங்கட உடம்பில இனி வைக்க இடமில்லை. அதுதான் ஈரலுக்குள்ளயும் போகுது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. வராத பிள்ளைகளுக்கு நான் சோறு வைத்திருந்ததைப்போல, வராத பசிக்கு என் உடம்பும் எடுத்து வைத்திருக்கிறது.

அன்று பின்னேரம் அரைச் சுண்டு அரிசி மட்டும் அளந்து போட்டேன். அது பானையின் அடியைக்கூட மூடவில்லை. பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் நான் நம்பினேன்.