ஐஸ் பெட்டி வேண்டாம் என்றாள்

மஸ்கட்டில் எனக்கு ஏசி மெக்கானிக் வேலை. வீட்டு ஏசி மட்டுமில்லை, மீனும் கறியும் வைக்கிற பெரிய பெரிய குளிர் அறைகளையும் எங்கள் கம்பெனிதான் பார்த்துக்கொண்டது. குளிரால் பிழைத்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கோ குளிர் என்றாலே ஆகாது. மரக்காணத்து உப்பளங்களில் இருபத்தைந்து வருஷம் கூலிக்கு உப்புக்கூடை சுமந்தவள். மார்கழி மாதத்தில் காலை எட்டு மணிவரை தெருவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நிழல் நகர்ந்து வந்தால் அவளும் நகர்ந்து உட்காருவாள்.

ஒரு லீவில் வந்தபோது அவளுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கி வைத்துவிட்டுப் போனேன். அடுத்த லீவில் வந்து பார்த்தால் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். உள்ளே துவரம்பருப்பு, புளி, ரேஷன் கார்டு, செத்துப்போன அப்பாவின் மூக்குக்கண்ணாடி. "எலி வராது, எறும்பு வராது, நல்ல பொட்டிடா இது" என்றாள். ஊரெல்லாம் நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிறேன், என் வீட்டு ஃப்ரிட்ஜில் புளி இருக்கிறது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவளிடம் கோபப்பட்டு யாரும் ஜெயித்ததில்லை.

2004 மே மாதம், அதே லீவில்தான் அது நடந்தது. அம்மா வேலை செய்த உப்பளத்துக்காரர் வீட்டில் அவருடைய தாயார் இறந்துபோனார். இளைய மகன் அமெரிக்காவில் இருந்தான். அவன் வருகிறவரைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டியை அப்போதுதான் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள். கண்ணாடியில் பனி பூத்துப் பூத்து முகம் மறைந்துவிடும், யாராவது ஒரு பெண் எழுந்து துண்டால் துடைப்பாள். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பெட்டியைப் பார்க்க வந்தவர்கள்தான்.

அம்மாவும் நானும் போய்விட்டு வந்தோம். கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவள், ஈரப் புடவையைப் பிழிந்தபடியே சொன்னாள்.

"டேய், என்னை அந்தப் பொட்டியில வெக்காத."

"சும்மா இரும்மா. இப்ப இன்னா அவசரம்?"

"அவசரத்துக்கு இல்லடா, சொல்லி வெக்கிறேன். வெயில்லயே கெடந்த ஒடம்பு. மூணு நாளு அதுல போட்டு வெறைக்க வெக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். நீ இருந்தாலும் சரி, அந்த ஊர்லயே கெடந்தாலும் சரி."

நான் என் படிப்பைக் காட்டினேன். அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு குளிரெல்லாம் இருக்காது, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற அளவுதான், செத்த உடம்புக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெரியும் தெரியாதுன்னு நீ செத்துப் பாத்தியா? நீ சொன்னாத்தான் எடுப்பாங்க. ஒங்க பெரியப்பன் ஊரு மெச்சணும்னு வெச்சிக்கினே இருப்பாரு. சரின்னு சொல்லு."

"சரி" என்றேன்.

"சரியாச் சொல்லு."

"சரிம்மா, பொட்டியில வெக்க மாட்டேன்."

அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கினவள் இல்லை. சென்ட் பாட்டில் வாங்கிப் போனால்கூட எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுவாள். கேட்டது இது ஒன்றுதான்.

மறு வருஷம் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை மதியம், ஒரு மீன் கம்பெனியின் கூரை மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். பெரியப்பா மகனின் செல்லிலிருந்து போன் வந்தது. பேசியது என் அக்கா. அவளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது, அம்மா வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு.

"தம்பி, அம்மா போயிடிச்சிடா."

சர்க்கரையும் காலில் ஆறாத புண்ணும் இருந்ததுதான், ஆனால் போகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். காலையில் டீ குடித்தாளாம். அசதியாக இருக்கிறது என்று படுத்தாளாம். பதினொரு மணிக்கு அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஐஸ் பொட்டிக்குச் சொல்லட்டுமான்னு பெரியப்பா கேக்கறாரு. நீ இன்னா சொல்ற?"

நான் கணக்குப் போட்டேன். எங்கள் பாஸ்போர்ட்டுகள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை, வியாழன் மதியம் பூட்டினால் சனிக்கிழமை காலையில்தான் திறப்பார்கள். சனி ராத்திரி விமானம் ஏறினால் ஞாயிறு காலை ஊர்.

"ஞாயித்துக்கெழமதான் வர முடியும்க்கா."

"சரிடா. அப்ப நீ இன்னா சொல்ற?"

"அதான் வர்றேன்னு சொல்றேனே."

"வர்றது இருக்கட்டும். வெக்கறதா, எடுக்கறதா? உன் வாயால சொல்லு. எல்லாரும் நீ சொல்றதத்தான் கேக்கணும்னு நிக்கிறாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது என்னால் வந்து சேர முடியவில்லை. அப்போது எங்கள் ஊருக்கு ஐஸ் பெட்டி வந்திருக்கவில்லை, அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தேன். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், "பாவம், பெத்தவன் மூஞ்சியக் கூடப் பாக்கல" என்று என் காதுபடச் சொல்லுவார்கள். சொல்லாவிட்டாலும் எனக்கே அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"வைங்க. நான் வந்து பாக்கணும்" என்றேன்.

அக்கா "சரி" என்று சொல்லிவிட்டு போனைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். "நீ பதறாம வாப்பா. எத்தினி நாளானாலும் வெச்சிருப்போம்" என்றார் அவர். அவர் குரலில் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த நேரம் மறந்துபோய்விட்டது என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவார்கள். எனக்கும் சௌகரியமாக இருக்கும். ஆனால் மறக்கவில்லை. ஈரப் புடவையோடு அவள் நின்றது முதற்கொண்டு ஞாபகம் இருந்தது. ஊரில் மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. பொழுது சாய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அதனால் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ரூமில் கிடந்தேன். கூட இருந்தவர்கள் சோறு ஆக்கிப் போட்டார்கள், நானும் தின்றேன். சனிக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் நின்று, பாஸ்போர்ட் கொடுக்கிற ஆள் அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு அவனைத் தமிழிலேயே கண்டபடி திட்டினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு என் தோளைத் தட்டினான்.

ஞாயிறு காலை சென்னையில் இறங்கி, கார் பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்தேன். மரக்காணம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் கிடந்தன. ஓலை போட்டு மூடினது பாதி, மூடாதது பாதி. அந்த வெயிலில் பெண்கள் கூடை சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏசியை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் ஏன் என்று கேட்கவில்லை.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அம்மாவின் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிசு பண்ணிப் போட்டு, கீழே ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நான். என் பேருக்குப் பக்கத்தில் மஸ்கட் என்று, பட்டம் வாங்கினதைப் போல எழுதியிருந்தது. நான் காரை விட்டு இறங்கியதும் ஓய்ந்திருந்த மேளம் மறுபடி எழுந்தது. பெண்கள் புதிதாக அழுதார்கள். வீடியோக்காரன் எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்து படம் எடுத்தான்.

"தோ, வந்துட்டான் பாரு உம் புள்ள. கண்ணத் தொறந்து பாரேன்" என்று பெரியம்மா பெட்டியைத் தட்டி அழுதாள். "புள்ள மொகத்தப் பாக்காமப் போவ மாட்டேன்னு காத்துக்கினு கெடக்குது, மவராசி" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பந்தலுக்குள் போகும்போதே கம்பிரஸர் சத்தம் என் காதில் விழுந்துவிட்டது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். குளிர் கூட்டுகிற திருகைக் கடைசிவரைக்கும் திருகி வைத்திருந்தார்கள். மூன்று நாளும் அப்படியே ஓடியிருக்கிறது. உள்பக்கத்துத் தகட்டில் வெள்ளையாகப் பனிக்கட்டி படிந்திருந்தது. அம்மாவின் புருவத்திலும் கொஞ்சம். பெற்றவளைப் பார்த்ததும் விழுந்து அழவேண்டியவன் நான், முதலில் அந்தத் திருகைப் பாதிக்குத் திருப்பினேன். கை தானாகப் போய்விட்டது. "தொழில் தெரிஞ்ச புள்ள" என்று பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

குளிப்பாட்ட வெளியே எடுத்தபோது தோள் பக்கம் நான் பிடித்தேன். குளிர் அறைகளில் எத்தனையோ பொருட்களைத் தூக்கியிருக்கிறேன், அந்தக் குளிர் என் கைக்குப் பழக்கம்தான். அவள் உடம்பில் அது இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பெட்டி வேண்டாம் என்று அவள் எதைச் சொன்னாளோ அதை என் கையாலேயே தொட்டுக்கொண்டிருந்தேன். அக்கா தோட்டத்திலிருந்து ஒரு அண்டா தண்ணீரை ஆள் வைத்துத் தூக்கி வந்தாள். ஆவி பறந்தது. "பொணத்துக்கு எங்கியாச்சும் வெந்நீ வெப்பாங்களாடி?" என்று கிழவிகள் கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் செம்பில் மொண்டு, கையில் பதம் பார்த்து ஊற்றினாள்.

கொள்ளி நான்தான் வைத்தேன். பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை வந்தவர்கள் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். கடல் தாண்டி இருந்தும் பெற்றவளுக்கு வந்து நின்றானே என்றார்கள். அம்மாவின் ஆத்மா குளிர்ந்துபோயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். புகழ்ச்சி ஏற ஏற எனக்குச் சோறு இறங்கவில்லை.

கருமாதிக்கு மறுநாள் அக்காவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். சமையலுக்கு அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரங்களை, அடியில் வெட்டியிருந்த பேரைப் பார்த்து அவள் வீடு வீடாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு நாளில் எனக்கு விமானம். சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். போன வருசம் அம்மா எங்கிட்ட..."

"தெரியும்" என்றாள், ஒரு சட்டியைத் திருப்பிப் பேரைப் பார்த்தபடி. "பொட்டியில வெக்கக்கூடாதுன்னு சொல்லிச்சி. எங்கிட்டயும்தான் சொல்லிச்சி."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பொம்பளப் புள்ள பேச்சு சாவு வீட்ல எடுபடாது, தம்பிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அவன் சொல்லுவான், நீ அவன்கிட்ட கேட்டு வாங்கு, அது போதும்னு சொல்லிச்சி. அதான் அன்னிக்கித் திரும்பத் திரும்ப உன்னையே சொல்லச் சொன்னேன்."

"ஒரு வார்த்த ஞாபகப்படுத்தி இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்." சட்டியைக் கீழே வைத்தாள். "நீ வர்றேன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்திச்சிடா. அப்பாவுக்கு நான் ஒருத்தியே நின்னு அழுதேன். இந்த வாட்டியும் ஒண்டியா அழ முடியாதுன்னு தோணிச்சி. நீ வந்துட்டாப் போதும்னு இருந்திச்சி."

"அப்ப அம்மாவ நெனச்சிப் பாத்தியா?" என்றேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நானுந்தான் நெனச்சேன்" என்றாள். "நெனச்சிக்கினேதான் சரின்னு சொன்னேன்."